அடுத்த எண் யாது?

"2, 4, 8, 16 ஆகிய எண்களுக்கு அடுத்து வரும் எண் யாது?" என்று நம் மாணவர்களிடம் வினவினால், வினா முடியுமுன்னே "32" என்று விடை வந்துவிடும். "ஏன் 32?" என்று கேட்டால், "ஒவ்வோர் எண்ணும் இரட்டிக்கிறது" என்பர். "இதுவரை இரட்டித்தது சரி, இனியும் இரட்டிக்கும் என்று யார் சொன்னது?" என்று மூன்றாவதாக ஒரு வினாவை எழுப்பினால் வகுப்பறையில் அமைதி நிலவும். அந்த மூன்றாவது வினாவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்த்துறை மலரில் எண் புதிருக்கு என்ன இடம் என்று சிலர் ஐயுறலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, நம் மாணவர்களின் வாழ்க்கை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்கள். அவற்றுள் 100 தமிழுக்கு உரியவை. 75 பொது அறிவுக்கு உரியவை. எஞ்சிய 25 திறனறிவு வினாக்கள். தமிழ் பயிலும் மாணவர் முதல் நூறில் சிறந்து விளங்குகிறார். கடைசி இருபத்தைந்தைக் கண்டு அஞ்சுகிறார். "எண் நமக்கு உரியதன்று" என்று அவரே ஒரு வேலி கட்டிக்கொள்கிறார். இரண்டாவது காரணம், நம் மொழியே எண்ணையும் எண்ணத்தையும் ஒரே வேரில் வைத்திருக்கிறது. எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். எண்ணுதல் என்றால் சிந்தித்தல். எண்ணையும் எழுத்தையும் உயிர்களுக்குரிய இரு கண்களாகக் கண்ட வள்ளுவப் பெருந்தகை, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுமாறு தமிழ் மாணவர்க்கு எங்கும் கூறவில்லை.

யாப்பு கூறும் விடை

மேலே கண்ட 2, 4, 8, 16 என்னும் தொடரை யாப்பிலக்கணம் பயின்ற மாணவர் வேறோர் இடத்தில் கண்டிருப்பார். நேர், நிரை என அசை இரண்டு. ஓரசையால் ஆகும் சீர் 2. ஈரசையால் ஆகும் சீர், தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என 4. மூவசைச்சீர், காய்ச்சீர் நான்கும் கனிச்சீர் நான்குமாக 8. நாலசைச்சீர், பூவும் நிழலும் ஈறாக வருவன 16. ஆகச் சீர்கள் 30 என்பது அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகையின் வழி நாம் பயிலும் கணக்கு.

இனி, அடுத்த எண் யாது? இரட்டிப்பின்படி ஐந்தசைச்சீர் 32 இருத்தல் வேண்டும். ஆனால் ஐந்தசைச்சீர் என்று ஒன்றை நம் யாப்பு ஏற்கவில்லை. தொடர் நான்காம் எண்ணோடு முற்றுப்பெறுகிறது. இங்கே "32" என்று விடை எழுதுபவர் கணக்கில் தவறவில்லை, இலக்கணத்தில் தவறிவிடுகிறார்.

அதே எண்கள் வேறோர் இடத்திலும் வருகின்றன. ஒரு வட்டம் வரைந்து அதன் விளிம்பில் புள்ளிகள் இடுவோம். ஒவ்வொரு புள்ளியையும் மற்றெல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணைப்போம். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதவாறு பார்த்துக்கொள்வோம். இரண்டு புள்ளி எனில் வட்டம் 2 பகுதிகளாகப் பிரியும். மூன்று புள்ளி எனில் 4. நான்கு எனில் 8. ஐந்து எனில் 16. ஆறாவது புள்ளியை இட்டு எண்ணிப் பாருங்கள். 32 வராது, 31தான் வரும். எத்தனை முறை எண்ணினும் 31தான்.

ஆக, ஒரே நான்கு எண்களுக்கு மூன்று விடைகள் கிடைத்தன. இரட்டிக்கும் தொடருக்கு 32. வட்டத்துப் பகுதிகளுக்கு 31. அசைக்கும் சீருக்கும் "இத்துடன் முற்றும்". எண்கள் எங்கிருந்து பிறந்தன என்று அறியாமல் எது சரி என்று எவ்வாறு கூறுவது?

எந்த எண்ணும் விடையாகலாம்

இன்னும் எளிய தொடர் ஒன்றை எடுப்போம்: 2, 4, 6, 8. அடுத்த எண் 10 என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. இடத்தின் எண்ணை இரண்டால் பெருக்கினால் அவ்விடத்திற்கு உரிய எண் கிடைக்கும் என்பது இதன் விதி. இவ்விதியோடு ஒரு சிறு கூட்டலைச் சேர்ப்போம். இடத்தின் எண்ணிலிருந்து 1, 2, 3, 4 ஆகியவற்றைத் தனித்தனியே கழித்து, கிடைக்கும் நான்கையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டுக. முதல் நான்கு இடங்களிலும் அந்நான்கில் ஒன்று சுழியாகிவிடும். ஆகவே பெருக்குத்தொகையும் சுழி. 2, 4, 6, 8 என்னும் எண்கள் சற்றும் மாறா. ஐந்தாம் இடத்தில் மட்டும் 4, 3, 2, 1 ஆகியவற்றின் பெருக்குத்தொகையான 24 வந்து சேரும். பத்தோடு இருபத்து நான்கு, 34. அந்த 24-இல் பாதியைக் கூட்டினால் 22. மூன்றேமுக்கால் மடங்கைக் கூட்டினால் 90 சேர்ந்து 100. விரும்பும் எண் எதுவாயினும் அதனை ஐந்தாம் இடத்தில் வருவிக்க ஒரு விதி உண்டு. இம்முறையை வாரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1779-இலும், லக்ராஞ்சு என்னும் அறிஞர் 1795-இலும் எடுத்துரைத்தனர். இருநூறாண்டுகளுக்கு முன்பே தெளிந்த செய்தி இது. "ஒரே விடைதான் உண்டு" என்று நாம் இன்னும் கற்பிக்கிறோம்.

நீல் சுலோன் என்னும் கணித அறிஞர் 1964-இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராய் இருந்தபோது, தம் ஆய்வில் எதிர்ப்பட்ட 0, 1, 8, 78, 944 என்னும் தொடரின் விதியைத் தேடலானார். அத்தேடலின் விளைவாக எண் தொடர்களை அட்டைகளில் எழுதித் தொகுக்கத் தொடங்கினார். 1973-இல் 2,372 தொடர்கள் கொண்ட நூலாக அது வெளிவந்தது. 1996 முதல் கணிப்பொறி வலையில் யாவரும் காணுமாறு வளர்ந்து, இன்று மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்களைக் கொண்ட கலைக்களஞ்சியமாய் விளங்குகிறது. அதில் சில எண்களைக் கொடுத்துத் தேடினால், அவ்வெண்கள் வரும் தொடர்கள் பல வரிசையாய் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி, தனித்தனிப் பிறப்பிடம்.

பேரறிஞர் இடறிய இடம்

"இதெல்லாம் வலிந்து செய்த விதிகள், இயல்பான தொடரில் இத்தகைய குழப்பம் வராது" என்று கூறுவார் உண்டு. அவர்களுக்காக ஒரு வரலாறு. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் 3, 5, 17, 257, 65537 என்னும் எண்களை ஆராய்ந்தார். ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து, வந்ததைத் தன்னாலேயே பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். இவ்வைந்தும் பகா எண்கள். ஆதலின் இத்தொடரில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று அவர் கருதினார். அடுத்த எண் 4294967297. அதனை 641-ஆல் வகுத்தால் மீதியின்றி 6700417 வரும் என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். ஐந்து எண்கள் கூறிய சான்றை ஆறாம் எண் பொய்யாக்கிவிட்டது. அதன்பின் இன்றுவரை அத்தொடரில் வேறொரு பகா எண்ணும் அகப்படவில்லை.

அந்த ஆய்லரே மற்றொரு தொடரைச் சுட்டினார். 41-இல் தொடங்கி 2, 4, 6, 8 என்று கூட்டிச் சென்றால் 43, 47, 53, 61 என வரும். முதல் நாற்பது எண்களும் பகா எண்கள். நாற்பத்தோராம் எண் 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கியது. நாற்பது முறை மெய்யானது நாற்பத்தோராம் முறை பொய்த்தது. நான்கு எண்களை வைத்துக்கொண்டு நாம் கொள்ளும் உறுதி எத்துணை வலிமையற்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காரணம் அறிந்த தொடர்

அவ்வாறாயின் எத்தொடரையும் நம்ப இயலாதா? இயலும். காரணம் அறிந்த தொடரை முழுமையாக நம்பலாம்.

1, 2, 3, 5, 8 என்னும் தொடரைப் பாருங்கள். 1202-இல் இத்தாலியராகிய பிபொனாச்சி தம் நூலில் முயல்களின் பெருக்கத்தைக் கொண்டு இத்தொடரை விளக்கியதால் உலகம் அவர் பெயரால் இதனை வழங்குகிறது. வட ஆப்பிரிக்கத் துறைமுகமான பூகியாவில் தந்தையோடு தங்கியிருந்த காலத்தில் இந்திய எண்முறையைக் கற்றவர் அவர். ஆனால் அவருக்கு முன்பே நம் நாட்டு யாப்பறிஞர்கள் இத்தொடரை அறிந்திருந்தனர். விரகாங்கர் என்பாரும், 1150-ஐ ஒட்டி ஹேமச்சந்திரரும் மாத்திரைக் கணக்கிலிருந்து இதனைக் கூறினர்.

குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே. நான்கு மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை வகையாக நிரப்பலாம்? நான்கும் குறிலாக ஒரு வகை, ஒரு நெடிலும் இரு குறிலுமாக, நெடில் முதலிலோ இடையிலோ கடையிலோ வர மூன்று வகை, இரண்டும் நெடிலாக ஒரு வகை, ஆக ஐந்து. ஐந்து மாத்திரைக்கு எத்தனை? இங்கே ஊகம் வேண்டா. கடைசி எழுத்து குறிலாக இருந்தால் அதற்கு முன் நான்கு மாத்திரை இருக்கும்; அதற்கு 5 வகை. கடைசி எழுத்து நெடிலாக இருந்தால் முன்னே மூன்று மாத்திரை. அதற்கு 3 வகை. வேறு வழியில்லை, ஆகவே 8. முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் என்பது வெறும் தோற்றமன்று. அது ஏன் அவ்வாறு வருகிறது என்பதும் நம் கையில் இருக்கிறது. நூறாம் எண்ணும் இவ்விதியை மீறாது.

மற்றொன்று: 1, 9, 36, 100. ஒன்றின் கனம், ஒன்று இரண்டு ஆகியவற்றின் கனங்கள், ஒன்று இரண்டு மூன்று ஆகியவற்றின் கனங்கள் எனக் கூட்டிச் செல்லப் பிறப்பது இத்தொடர். இவை முறையே 1, 3, 6, 10 ஆகியவற்றின் வர்க்கங்கள். 499-இல் ஆரியபட்டர் இதற்கு விதி கூறினார். பாக்தாதில் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அல்கரஜி ஏன் என்பதைச் சதுரம் வரைந்து காட்டினார். பக்கம் 1 உள்ள சதுரத்தை, பக்கம் 3 உள்ளதாக விரித்தால் புதிதாய்ச் சேரும் பட்டையின் பரப்பு 8. அது இரண்டின் கனம். பக்கம் 6-ஆக விரித்தால் சேர்வது 27, மூன்றின் கனம். பக்கம் 10-ஆக விரித்தால் 64, நான்கின் கனம். படத்தைக் கண்ட மாணவர் அடுத்தது 225 என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. விதி கூறியவரும் காரணம் காட்டியவரும் காலத்தாலும் மொழியாலும் வேறுபட்டோர். அறிவு அவ்வாறே கை மாறி வளர்கிறது.

நம் தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை அறியும் வழி கூறப்பட்டுள்ளது. காம்பைச் சூழ்ந்த சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அது. முள் 100 எனில் சுளை 120. கேட்க இனிதாயிருக்கிறது. எனினும் பழத்தை அறுத்துச் சுளையை எண்ணிப் பார்க்கும்வரை அது விதியா, ஊகமா என்று தெரியாது. அறுத்துப் பார்க்கும் அந்தத் துணிவையே மாணவரிடம் வளர்க்க வேண்டும்.

உடன்படுவதை மட்டும் தேடும் மனம்

மனித மனம் இயல்பில் அறுத்துப் பார்ப்பதை விரும்புவதில்லை. 1960-இல் பீட்டர் வேசன் என்னும் ஆங்கிலேய உளவியலறிஞர் ஒரு சோதனை செய்தார். 2, 4, 6 என்னும் மூன்று எண்களைத் தந்து, "இவை ஒரு விதிக்கு உட்பட்டவை. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், அவை விதிக்கு உட்படுமா என்று கூறுகிறேன், விதியைக் கண்டுபிடியுங்கள்" என்றார். பலரும் 8, 10, 12 போன்ற எண்களையே கூறினர். "உட்படும்" என்னும் விடை கிடைக்கக் கிடைக்க, "இரண்டிரண்டாக ஏறும் எண்கள்" என்று உறுதியாய் அறிவித்தனர். அது தவறு. ஏறுவரிசையில் அமைந்த எந்த மூன்று எண்ணும் பொருந்தும் என்பதே அவர் வைத்திருந்த விதி. 1, 2, 50 என்று ஒருவர் சொல்லிப் பார்த்திருந்தாலே உண்மை புலப்பட்டிருக்கும். தம் கருத்துக்கு உடன்படும் சான்றைத் தேடினார்களே தவிர, அதனை முறிக்கக்கூடிய சான்றைத் தேடினார் சிலரே. அறிவுத்துறையில் மட்டுமன்றி அன்றாட வாழ்விலும் நம் பிழைகள் பலவற்றின் ஊற்று இதுவே என்பது எம் கருத்து.

தேர்வும் விடைக்குறிப்பும்

இனித் தேர்வுக்கு வருவோம். வங்கிப் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 வினாக்கள். ஒரு வினாவுக்கு 36 நொடி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். இத்தகைய களத்தில் நின்று வட்டத்தையும் அசையையும் ஆராய்ந்துகொண்டிருக்க இயலாது. "வினா அமைப்போர் எளிய விதியையே கருதுகின்றனர், அதனைக் கண்டறிவதே திறன்" என்று கூறுவோரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அறிவியலும் எளிய விளக்கத்தையே முதலில் நாடுகிறது. ஆதலின் 3, 8, 15, 24, 35 எனக் கண்டால், வேறுபாடுகள் 5, 7, 9, 11 என்று செல்வதைக் கொண்டு 48 என எழுதுக. வர்க்கங்களில் ஒன்று குறைந்தவை என்று கண்டாலும் அதே 48 வரும். 7, 10, 16, 28, 52 எனக் கண்டால் வேறுபாடுகள் இரட்டிப்பதைக் கண்டு 100 என எழுதுக. 5, 20, 8, 17, 11 எனக் கண்டால் இரண்டு தொடர்கள் ஒன்றுள் ஒன்று புகுந்திருப்பதை உணர்ந்து 14 என எழுதுக. இவற்றைப் பழகுதல் தவறன்று, தேவை. தமிழ் மாணவர் நாளும் அரைமணி நேரம் பழகினால் இந்த அச்சம் அகன்றுவிடும்.

ஆனால் "எளிமை" என்பது யாருக்கு எளிமை என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இதோ ஒரு தொடர்: 6, 2, 8, 7, 5, 9, 1, 4. அடுத்த எண் யாது? கணிதம் பயின்றோர் கூட்டியும் கழித்தும் களைத்துப்போவர். ஆறு, இரண்டு, எட்டு, ஏழு, ஐந்து, ஒன்பது, ஒன்று, நான்கு என்று எழுத்தால் எழுதிப் பார்ப்பவருக்கு இது தமிழ் அகரவரிசை என்பது விளங்கும். மூன்று மட்டுமே எஞ்சியிருப்பதால் விடை 3. இதே புதிர் ஆங்கில அகரவரிசையில் 8, 5, 4, 9, 1, 7, 6 என்று கேட்கப்படுவதுண்டு. ஆங்கிலவழி பயின்றவருக்கு அது எளிது. தமிழ்வழி பயின்ற சிற்றூர் மாணவிக்கு அது இருட்டு. அவளிடம் அறிவு குறைவா? இல்லை; அந்தப் புதிரை முன்பே காட்டிய பயிற்சி நிலையம் அவள் ஊரில் இல்லை, அவ்வளவே. இத்தகைய வினா திறனை அளக்கவில்லை; முன்னறிமுகத்தை அளக்கிறது. கட்டணம் செலுத்த வல்லவருக்கு அறிமுகம் கிட்டும், மற்றவருக்குக் கிட்டாது. ஒரு மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானோர் முன்னும் பின்னுமாக நிற்கும் தேர்வில் இது சிறு குறையன்று. ஒரு குடும்பத்தின் முதல் அரசுப் பணி அந்த ஒரு மதிப்பெண்ணில் தங்கியிருக்கக்கூடும்.

ஆதலின் வினா அமைப்போர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. மூன்று நான்கு எண்களோடு நிறுத்தாமல், விதி ஐயமின்றிப் புலப்படுமளவு எண்களைத் தருக. எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கூறிவிட்டு அடுத்ததைக் கேட்க. "ஒரு வரிசையில் இத்தனை மரம், அடுத்த வரிசையில் இத்தனை" என்று ஒரு சொற்றொடர் போதும். விடைக்குறிப்பில் எண்ணை மட்டும் அச்சிடாமல் விதியையும் அச்சிடுக. உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்கும் நல்வழக்கம் தேர்வாணையத்தில் இருக்கிறது. விதியும் உடன் இருந்தால் வேறொரு விடைக்கு உரிய காரணத்தை மாணவர் எழுத்தில் எடுத்துரைக்க இயலும். காரணத்தோடு எழுதப்பட்ட ஆட்சேபமே செல்லும். அதனை எழுதும் மொழிவன்மை தமிழ் மாணவருக்கு உரியது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மணி நேரம் தமிழ்த்துறையும் கணிதத்துறையும் ஒருங்கமர்ந்து மாணவர்க்கு இப்புதிர்களைப் பயிற்றலாம். அந்த வகுப்பில் "அடுத்த எண் என்ன?" என்பதோடு நிறுத்தாமல் "ஏன்?" என்றும், "வேறு விதி உண்டா?" என்றும் கேட்டல் வேண்டும். எதிர்பாராத விடை சொல்லும் மாணவரை "தவறு" என்று உடனே அமர்த்திவிடாமல், அவர் கண்ட விதியைக் கரும்பலகையில் எழுதச் செய்தல் வேண்டும். அவர் விதி பிழையாயின் அதுவே அதனைக் காட்டிவிடும். சரியாயின் வகுப்பே பயன்பெறும்.

மனிதரைத் தொடராக்கும் வழக்கம்

சமுதாயப் பெரியோர்க்கு இக்கட்டுரையால் என்ன பயன்? இங்கேதான் நாம் கூற விழைந்த முதன்மைச் செய்தி அடங்கியிருக்கிறது. நாம் எண்களை மட்டுமா தொடராக்குகிறோம்? பிள்ளைகளையும் தொடராக்குகிறோம்.

"மூத்தவன் பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தான், அடுத்தவனும் வந்தான், மூன்றாமவன் மட்டும் படித்து என்ன செய்யப் போகிறான்?" "பெரியவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மணம் முடித்தோம், நடுவிலவளுக்கும் அவ்வாறே, இளையவளுக்கும் அதுதானே முறை?" இவை நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சுகள். இரண்டு எண்களைக் கண்டு மூன்றாவதை எழுதிவிடும் அதே அவசரம். தேர்வுத்தாளில் பிழைத்தால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே பிழைத்தால் ஒரு வாழ்க்கை போகும்.

மூத்தவன் ஏன் நின்றான்? அவ்வாண்டு தந்தையார் நோயுற்றிருந்தார். இரண்டாமவன் ஏன் நின்றான்? உயர்நிலைப் பள்ளி ஊருக்கு அப்பால் இருந்தது, பேருந்து இல்லை. பெரியவள் ஏன் நின்றாள்? கல்லூரி தொலைவில் இருந்தது, துணைக்கு வருவாரில்லை. இவை காரணங்கள், விதிகள் அல்ல. தந்தையார் நலம் பெற்றிருக்கலாம், பேருந்து வந்திருக்கலாம், கல்லூரி அருகிலேயே அமைந்திருக்கலாம். காரணம் மாறிய பின்னும் தொடர் மாறாது என்று எண்ணுவது, ஐந்தசைச்சீருக்கு 32 என்று எழுதுவதை ஒக்கும். முறை என்று நாம் வழங்குவது பெரும்பாலும் பழைய இடர்ப்பாடு விட்டுச்சென்ற தடமே.

நன்மைக்கும் இது பொருந்தும். "எம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வணிகம் தழைத்தது; நான்காம் தலைமுறையிலும் தழைக்கும்" என்று காரணத்தை ஆராயாமல் அமர்ந்திருந்தோர் கடைகள் மூடப்பட்டதை நம் ஊர்த் தெருக்கள் அறியும். தழைத்ததன் காரணம் உழைப்பா, நாணயமா, அன்றைய சந்தையா என்று வினவியவர்களே காலத்திற்கேற்ப மாறி நிலைத்தனர்.

இக்காலத்தில் கணிப்பொறிகள் கோடிக்கணக்கான சொற்களைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல் யாது என்று கணித்துக் கட்டுரையே எழுதிவிடுகின்றன. இதுவரை வந்ததைக் கொண்டு இனி வருவதைக் கணிக்கும் வேலையில் அவற்றோடு போட்டியிடுவது எளிதன்று. ஒரு சிறுமியின் படிப்பு ஏன் நின்றது என்று கேட்டு, அந்தக் காரணத்தை நீக்கும் பொறுப்போ மனிதருக்கே உரியது.

கல்லூரியை விட்டு இவ்வாண்டு வெளியேறும் மாணவச் செல்வங்களே! தேர்வுக்கூடத்தில் எளிய விதியைக் கண்டு விரைந்து விடை எழுதுங்கள், வெற்றி பெறுங்கள். கூடத்தை விட்டு வெளியே வந்தபின், உங்களையோ உங்கள் தங்கையையோ பிறர் எழுதிவைத்த தொடரின் அடுத்த எண்ணாகக் கருத இடங்கொடாதீர்கள். அவ்வாறு கருதுவோரிடம் சினவாமல், பணிவோடு காரணத்தைக் கேளுங்கள். காரணம் இருந்தால் ஏற்போம். நீங்கியிருந்தால் புதிய எண்ணை எழுதுவோம். பெரியோர்களும் அக்கேள்வியைப் பணிவின்மையாகக் கொள்ளாது, கல்வியின் பயனாகக் கொண்டு செவிசாய்க்க வேண்டுகிறோம்.